பஸ்ஸர் அடிக்கவில்லையா? அதை மட்டும் நம்பித் தூக்காதீர்கள்

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வேலைக்கு வரும் கிரேன்களின் கேபினில் ஒரு சின்னத் திரை இருக்கும். என்ன எடை, எவ்வளவு தூரத்தில், கிரேனின் தாங்கும் அளவில் எத்தனை சதவீதம் என்று காட்டும். 90 வாக்கில் மஞ்சள் விளக்கு, 100 ஆனால் சிவப்பு விளக்கும் பஸ்ஸரும். பெரும்பாலான வண்டிகளில் அதற்கப்புறம் சுமையைத் தூக்கவோ, பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையைச் சாய்க்கவோ, நீட்டவோ முடியாது.

பூமின் கோணத்துக்கு ஒரு சென்சார், நீளத்துக்கு ஒன்று, பூமைத் தாங்கும் சிலிண்டரின் அழுத்தத்துக்கு இன்னொன்று. இவற்றிலிருந்து கருவி கணக்குப் போட்டு, எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட்டோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். எடையைத் தூரத்தால் பெருக்கினால் கிரேனைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் வரும்: 5 டன் 6 மீட்டரில் இருந்தால் 30 டன்-மீட்டர். அதே 5 டன் 9 மீட்டருக்குப் போனால் 45. இந்தத் தூரத்தை ஜாக்கியிலிருந்து, அதாவது வண்டியின் பக்கத்தில் விரித்துத் தரையில் ஊன்றும் காலிலிருந்து அளப்பவர்கள் நிறைய. கிரேன் சுழலும் மையத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.

ஜாக்கியை எவ்வளவு விரித்திருக்கிறோம், பின்னால் எத்தனை டன் எதிர் எடை, ஹூக்குக்கு எத்தனை கயிறு ஓடுகிறது என்பதையெல்லாம் பல வண்டிகளில் ஆபரேட்டர்தான் திரையில் போட வேண்டும். கயிற்றின் இழுப்பை வைத்து எடை காட்டும் கிரேனில் நாலு கயிறு ஓடும்போது இரண்டு என்று போட்டால், 12 டன் சுமை 6 டன்னாகத் தெரியும். பஸ்ஸர் வாயே திறக்காது. முந்தின நாள் செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு வேலை தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

தரை விஷயம் இதைவிட மோசம். கயத்தாறு பக்கம் ஓர் ஐப்பசி, மழை விட்டு இரண்டு நாள். கரிசல் மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கட்டை போடாமல் ஜாக்கியை இறக்கிவிட்டார்கள். சுமை தரையை விட்டு ஒரு முழம் எழும்பியிருக்கும். திரையில் 60 சதவீதம்தான். ஜாக்கித் தட்டைச் சுற்றி மண் மெல்ல உப்பி, ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. "அண்ணாச்சி, இறக்குங்க! தட்டு உள்ளே போகுது!" என்று கத்தினேன். அவர் உடனே இறக்கினார். தட்டு ஒரு சாண் ஆழம் போயிருந்தது. கடைசிவரை பஸ்ஸர் அடிக்கவில்லை. பூமையும் சுமையையும் அளக்கிற கருவிக்கு அடியில் இருக்கிற மண் தெரியாது. அதனால் கரிசலோ தேரி மணலோ, மூடிய கிணறோ, அகலமாகக் கட்டை அடுக்கி, மட்டம் பார்த்து, சுமை ஏறும்போது ஜாக்கிக்கு ஓர் ஆளைக் காவல் வையுங்கள்.

ஆடிக் காற்றும் அப்படித்தான். பக்கவாட்டில் பூமைத் தள்ளும் காற்று கணக்கில் ஏறாது. எதிர்க்காற்று பூமைத் தாங்கிப் பிடித்தால் திரை உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். காற்றாலை இறக்கை போல அகலமான பொருளுக்குக் காற்றுமானியைத் தனியாகப் பாருங்கள். லோடு சார்ட்டில் சொன்ன வேகத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்துங்கள்.

இந்தத் தடையை முடக்கும் பைபாஸ் சாவியை வண்டியிலேயே தொங்கவிடாதீர்கள். "இன்னும் கொஞ்சந்தான்" என்று அதைத் திருப்பும் நேரத்தில்தான் கிரேன் கவிழ்கிறது.

காலையில் எடை தெரிந்த ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். எடை பொறித்த எதிர் எடைக் கட்டி போதும். ஹூக், சுமையைக் கட்டும் ஸ்லிங் எடையைக் கூட்டிய பிறகும் திரை ஒத்துப்போகவில்லை என்றால், மெக்கானிக் வரும்வரை வண்டி நிற்கட்டும்.