விதித் தகராறில் ஆட்டம் நின்றுபோகாமல் இருக்க, செய்யக்கூடாதவை

போன மாதம் எங்கள் மேசையில் ஒரு மருந்துக் குப்பிக்காக 25 நிமிடம் போனது. ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. கதையை நடத்தி, விதிகளில் தீர்ப்புச் சொல்லும் டி.எம். நான். போர்வீரனாக ஆடுபவர் தன் முறை வந்ததும், "ஹீலிங் போஷனைக் குடித்துவிட்டு வாளை வீசுகிறேன்" என்றார். எதிரில் இருந்தவர், "குடிக்கவே உங்கள் ஆக்‌ஷன் போய்விடும், அப்புறம் எப்படி வீசுவீர்கள்?" என்றார். ஆக்‌ஷன் என்பது ஒரு முறையில் செய்யக்கூடிய முக்கியக் காரியம், வாள் வீசவும் அதுதான் வேண்டும். இரண்டு பேரும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் புத்தகத்தில் அச்சாகி இருந்தது. ஒருவரிடம் 2014 புத்தகம், இன்னொருவரிடம் திருத்தி வந்த 2024 புத்தகம். பழையதில் போஷன் குடிக்க ஒரு ஆக்‌ஷன் வேண்டும், புதியதில் கூடுதலாகச் செய்யக்கூடிய சிறு காரியமான போனஸ் ஆக்‌ஷன் போதும். அந்தச் சாதாரண போஷன் திருப்பித் தருவது 4 முதல் 10 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) வரைதான். வாக்குவாதம் முடிந்தபோது மற்ற மூன்று பேரும் போனில் மூழ்கியிருந்தார்கள்.

முதல் தவறு இதுதான்: எந்தப் புத்தகத்தை வைத்து ஆடுகிறோம் என்று பேசிக்கொள்ளாமலே தொடங்குவது. இரண்டு புத்தகங்களும் ஒன்றுபோலத் தெரிவதால் வித்தியாசம் சண்டையின் நடுவில்தான் வெளியே வரும். எதிரி எதிர்பாராமல் பாய்ந்தால், 2014 விதிப்படி மாட்டியவர் முதல் முறையில் நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. 2024-ல் யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் பகடையில் மட்டும் பாதகம் (இரண்டு முறை போட்டுக் குறைந்ததை எடுப்பது), அவ்வளவுதான். ஒரு கூட்டமே செத்துப்போவதா தப்பிப்பதா என்பது இதில் மாறிவிடும். கதாபாத்திரம் உருவாக்க உட்காரும் நாளிலேயே இதை முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது, பதில் கிடைக்கும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பது. புத்தகத்தில் ஒரு நிமிடத்தில் கிடைத்தால் சரி. கிடைக்கவில்லை என்றால் டி.எம். ஒரு முடிவைச் சொல்ல வேண்டும்: "இன்றைக்கு இப்படி ஆடுவோம், முடிந்ததும் பார்க்கலாம்." சொன்னபடி முடிந்ததும் பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், அவசரத்துக்குச் சொன்ன முடிவே நிரந்தர விதியாகிவிடும். மூன்று மாதம் கழித்து ஒருவர் "அன்றைக்கு அவருக்கு அப்படிச் சொன்னீர்களே" என்று கேட்கும்போது பதில் இருக்காது.

இதில் ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். ஒரு கதாபாத்திரத்தின் உயிர் அந்த விதியில் தொங்கினால், எவ்வளவு நேரமானாலும் புத்தகத்தைத் திறப்பேன். 0 ஹிட் பாயிண்டில் மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் நிற்கும் எதிரி தாக்கி, அடி பட்டுவிட்டால் அது கிரிட்டிக்கல், அதாவது மிகப் பலமான அடி. சாகக் கிடப்பவர் தன் முறைதோறும் போடும் பகடையில் மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு என்ற கணக்கில் அந்த ஒரே அடியில் இரண்டு ஏறிவிடும். இது தெரியாமல் ஆடியவரிடம் "உங்கள் ஆள் செத்துவிட்டார்" என்று வாயால் மட்டும் சொல்லக் கூடாது. ஒரு வருடமாக அந்த ஆளுக்குக் குரல் கொடுத்து வளர்த்தவர் அவர். பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், அவரே படிக்கட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பகடை விழுந்த பிறகு விதியை மாற்றுவது. இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் எல்லாமே வெற்றி என்று நிறைய மேசைகளில் நம்புகிறார்கள். புத்தகப்படி 20 தானாக வெற்றி தருவது தாக்குதலுக்கு. சாகக் கிடப்பவர் போடும் பகடையில் 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடுவார். பூட்டைத் திறப்பது, அரசனை மனம் மாற்றுவது போன்ற சோதனைகளுக்கு அந்த விதி கிடையாது. உங்கள் வீட்டு விதியாக வைத்துக்கொண்டால் தப்பே இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருவர் 20 போட்டுத் துள்ளிக் குதித்த பிறகு "இதற்குச் செல்லாது" என்றால் அவருடைய முகம் சுருங்குவதைப் பார்க்கவே முடியாது. நடக்கவே நடக்காத காரியம் என்றால் பகடையைக் கையில் கொடுக்காமல் இருப்பதே மேல்.

விதி நன்றாகத் தெரிந்தவரை வாயடைப்பதும் தவறு. அவர் மேசைக்கு ஒரு சொத்து. ஒருமுறை சொல்லட்டும், டி.எம். கேட்டு முடிவெடுக்கட்டும், அதோடு விட்டுவிடட்டும். தனக்குச் சாதகமானபோது மட்டும் விதியை நினைவுபடுத்தினால்தான் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். "மன்னிக்கணும், என் மந்திரம் அவ்வளவு தூரம் போகாது" என்று தானாகவே ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை அவர் பேச்சை எல்லோரும் கேட்பார்கள்.

பொது விதியும் தனி விதியும் மோதினால் தனி விதிதான் செல்லும் என்று புத்தகமே சொல்கிறது. ஒரு முறைக்கு ஒரு ஆக்‌ஷன் என்பது பொது விதி. இரண்டாம் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரனுக்கு) கிடைக்கும் ஆக்‌ஷன் சர்ஜ் இன்னொரு ஆக்‌ஷன் தந்து அதைத் தாண்டுகிறது. பாதித் தகராறு இங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே ஆள் வாராவாரம் சின்னச் சின்ன விதிக்கெல்லாம் மல்லுக்கு நின்றால், விஷயம் வேறாக இருக்கலாம். தன் முறை வரவே நேரமாகிறது, தன் ஆளுக்குக் கதையில் இடமில்லை என்ற மனக்குறை விதியின் வழியாக வெளியே வரும். அதை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தனியாகக் கேளுங்கள்.

அந்த போஷன் இரவுக்குப் பிறகு எங்கள் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் வரி: 'நாம் ஆடுவது 2024 புத்தகம்.' இரண்டாவது: 'போஷன் குடிக்க போனஸ் ஆக்‌ஷன்.' எதிரில் இருந்து மறுத்தவர்தான் அந்த இரண்டையும் தன் கையால் எழுதினார்.