வண்ணம் தீட்டிய ஃபாண்டன்ட் கேக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரை மாவைத் தகடாக விரித்துப் போர்த்திய பிறந்தநாள் கேக்கின் மீது தூரிகையாலும் பேலட் கத்தியாலும் நிறங்களை இழுத்து, இடையிடையே பொன்னிறத் துணுக்குகளை ஒட்டி, உருவம் எதுவும் இல்லாத நவீன ஓவியம்போல அலங்கரித்துத் தரும்படி சென்னையில் இப்போது பலரும் கேட்கிறார்கள். பொம்மை செய்யும் கைத்திறன் இதற்கு வேண்டியதில்லை என்று எண்ணி, புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் முதல் ஆர்டராகவே இதை ஏற்றுக்கொள்கிறார்கள். என்னிடம் பயில வருபவர்கள், நான் தொடக்கத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகு இதை எழுதத் தோன்றியது. கேக் வேகும் முன்பே எடுப்பது, சூடு ஆறும் முன்பே கிரீம் பூசுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. ஒரு முறை பட்டால் அவை தாமாகவே திருந்திவிடும்.

விப்பிங் கிரீமின் மேல் ஃபாண்டன்ட்

நம் ஊரில் பிறந்தநாள் கேக் என்றாலே விப்பிங் கிரீம் என்று பழகிவிட்டதால், உள்ளே கிரீமும் வெளியே ஃபாண்டன்ட்டும் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். மறுக்கத் தயங்கி அதற்கு ஒப்புக்கொண்டால், தூரிகையைத் தொடும் முன்பே ஓவியம் போய்விட்டது என்று கொள்ளலாம். கிரீமின் ஈரத்தை ஃபாண்டன்ட்டில் உள்ள சர்க்கரை இழுத்துக்கொண்டு இளகும். பக்கங்கள் தொய்ந்து அடி ஓரத்தில் மடிப்பு விழும். கிரீம் கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். வெளியே எடுத்ததும் கடலோரக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் துளித்துளியாகப் படிந்து, தீட்டிய நீலம் கோடுகளாக வழியத் தொடங்கும். வெளிப்பூச்சுக்குக் கெட்டியான கனாஷ்தான், அதாவது சூடான கிரீமில் சாக்லேட்டை உருக்கிச் செய்யும் கலவைதான், ஏற்றது. டார்க் சாக்லேட் என்றால் 2 பங்கு சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம், ஒயிட் சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1 பங்கு என்று எடுத்துக்கொண்டு, சித்திரை வைகாசியில் சாக்லேட்டை இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தண்ணீரில் கரைத்த வண்ணம்

ஃபாண்டன்ட் என்பது பெரும்பாலும் சர்க்கரை. அதன் மேல் தண்ணீரோடு தூரிகை போனால் பரப்பு கரைந்து பிசுபிசுக்கும், அதே இடத்தில் இரண்டாம் முறை இழுத்தால் குழியே விழும். ஜெல் கலரை வோட்கா போன்ற நிறமற்ற மதுவில் கரைத்தால், அது விரைவில் ஆவியாகி நிறத்தை மட்டும் விட்டுச்செல்லும். இதைப் பயன்படுத்தினால் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்பவர்களுக்காக லெமன் எசென்ஸை எடுப்பவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. நம் கடைகளில் கிடைக்கும் எசென்ஸ்களில் பல புரொப்பிலீன் கிளைகாலை அடிப்படையாகக் கொண்டவை. அவை எளிதில் உலர்வதில்லை. கோகோ பட்டரில் கரைத்துப் பூசும் முறை நல்லதுதான் என்றாலும், ஏறத்தாழ 34 டிகிரியில் அது உருகிவிடும் என்பதால் நம் கோடையில் கைபட்ட இடமெல்லாம் கலைந்துவிடும். மது கூடாத வீடுகளுக்கு, நிறத்தை ஃபாண்டன்ட்டிலேயே மார்பிள் போலப் பிசைந்து விரித்து, உலர்ந்த பிறகு பொடி வண்ணத்தை உலர்ந்த தூரிகையால் மெல்லத் தேய்ப்பதே நான் பின்பற்றும் வழி.

கார்ன்ஃப்ளோரைத் துடைக்காமல் தீட்டுவது

விரிக்கும்போது தூவிய மாவு படிந்த இடத்தில் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். மாவுக்குப் பதிலாக டால்டா தடவி விரித்திருந்தால், அந்த இடத்தில் நிறம் ஒட்டவே ஒட்டாது.

தின்னத் தகாத தங்கம்

மற்ற தவறுகளால் கேக் மட்டுமே கெடும். இதனால் கேக்கைத் தின்னும் குழந்தைக்கே உடல் கெடலாம் என்பதால், எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதுமென்று தோன்றுவதில்லை. இன்னும் இதைக் காணும்போது கோபம் வருகிறது.

என் வகுப்பில் பயின்ற ஒருவர், ஒரு வயதுக் குழந்தையின் பிறந்தநாளுக்காக இரண்டடுக்குக் கேக்கை முடித்துவிட்டு, முந்தைய இரவு படம் அனுப்பியிருந்தார். இளஞ்சிவப்பும் சாம்பலும் அளவோடு கலந்திருந்தன. ஓரங்களில் கைவிரல் அகலத்துக்குத் தங்கத்தாள் கிழித்து ஒட்டியிருந்தது. அந்தத் தாளின் உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கைவினைப் பொருள் கடையில் வாங்கிய நூறு தாள் கட்டு அது. “நான்-டாக்ஸிக் என்று போட்டிருக்கிறதே, அக்கா?” என்று கேட்டார். ஒட்டுவதற்கும் தொடுவதற்கும் தீங்கில்லை என்பதற்காகக் கைவினைப் பொருள்களின் மீது அச்சிடும் வாசகம் அது. உண்ணலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. உறையிலிருந்து ஒரு தாளை விரல்களால் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கிழியாமல், மொரமொரப்பாக, கையோடு முழுதாக வந்தது. உண்மையான தங்கத்தாளை விரலால் தொட்டாலே நொறுங்கித் தோலில் ஒட்டி மறைந்துவிடும். கட்டாக மலிவுவிலையில் வருபவை பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தாள்கள். அன்றிரவே அவர் ஃபாண்டன்ட் முழுவதையும் உரித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போர்த்தித் தீட்ட வேண்டியிருந்தது. அந்த ஆர்டரில் வர வேண்டிய லாபம் அதிலேயே போயிற்று.

மின்னும் அலங்காரத் தூள்களில் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் அவை மதுவில் கரைந்து கேக் முழுவதும் பரவுகின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 அக்டோபரில் இரண்டு நிகழ்வுகளைப் பதிவு செய்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018-இல் ஒரு பிறந்தநாள் விருந்தில் கேக் தின்ற ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. அந்தக் கேக்கில் பூசிய ரோஸ் கோல்ட் நிற லஸ்டர் டஸ்ட் என்ற மின்னும் தூளில் பெருமளவு செம்பு இருந்தது. மிசூரி மாநிலத்தில் 2019-இல் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததற்குக் காரணம் தேடியபோது, முதல் பிறந்தநாள் கேக்கின் மலர்களில் தூவிய மஞ்சள் தூளில் ஈயம் இருப்பது தெரியவந்தது. இரண்டுமே கேக் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தப்பட்ட தூள்கள்தான்.

“கொஞ்சம்தானே, தின்னும்போது எடுத்துவிடுவார்கள்” என்று சொல்பவர்கள் குழந்தைகள் கேக் தின்பதைக் கவனித்ததில்லை. மின்னுவதைத்தான் அவர்கள் முதலில் பிய்த்து வாயில் வைப்பார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியவை எளியவை: உண்ணத்தக்கது என்ற சொல், சேர்மானங்களின் பட்டியல், காலாவதித் தேதி, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் 14 இலக்க எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி. இவை எதுவும் இல்லாத சின்ன டப்பா எவ்வளவு அழகாக மின்னினாலும் அதைக் கேக்கின் அருகே கொண்டுவரக் கூடாது. உணவுக்கான தங்கத்தாள் 22 முதல் 24 காரட் வரையிலான தூய்மையில் வருகிறது, விலையும் அதற்கேற்பவே இருக்கும். வெள்ளித்தாளுக்கு 99.9 விழுக்காடு தூய்மை வேண்டும் என்பது இந்திய விதி. அந்தச் செலவுக்கு வாடிக்கையாளர் இசையவில்லை என்றால், உண்ணத்தக்க பொன்னிறத் தூளைக் கரைத்துத் தூரிகையைத் தட்டித் தெறிக்க விடலாம்; அல்லது தங்கம் இல்லாமலே ஓவியத்தை முடிக்கலாம்.

திட்டமில்லாமல் தொடங்குவது

உருவமில்லாத ஓவியம் என்பதால் எப்படித் தீட்டினாலும் தகும் என்று நினைத்து, ஆறேழு நிறங்களை ஒரே ஈரத்தில் இழுக்கிறார்கள். ஆரஞ்சும் நீலமும் ஈரமாகச் சந்தித்தால் சேற்று நிறம்தான் வரும். அதைக் கேக்கின் மேல் திருத்தவும் முடியாது. மூன்று நிறங்களும் வெள்ளையும் போதும். ஒன்று உலர்ந்த பின் அடுத்ததை வைக்க வேண்டும். பரப்பில் பாதியையேனும் வெறுமையாக விட வேண்டும், ஏனெனில் நிறங்களுக்கு வலு தருவது அந்த வெறுமைதான். மீந்த ஃபாண்டன்ட்டை விரித்து முதலில் அதில் தீட்டி, மறுநாள் பார்ப்பது என் வழக்கம். சிவப்பும் கறுப்பும் சில மணி நேரத்தில் அடர்ந்துவிடும்; ஊதாவோ வெளிச்சத்தில் வைத்தால் அதிலுள்ள இளஞ்சிவப்பு மங்கி நீலமாகத் திரும்பிவிடும்.

ஹேர் டிரையர்

வேண்டாம். வண்ணம் உலர மின்விசிறி போதும்.

பிள்ளைகளின் ஓவியத் தூரிகை

முடி உதிரும். புதிதாக வாங்கி, உணவுக்கென்றே தனியாக வைக்க வேண்டும்.

கொடுத்தனுப்பும்போது எதுவும் சொல்லாமல் இருப்பது

கேக்கைப் பெற்றுக்கொள்பவர் பழக்கத்தால் நேரே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். கனாஷ் பூசிய கேக்கை வெட்டும்வரை ஏசி அறையில் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கலாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். தெரியாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், பெட்டியைத் திறக்காமல் ஏசி அறையில் வைத்துக் குளிர் முழுவதும் போன பிறகே திறக்க வேண்டும். அதற்குப் பிறகும் துளிகள் தெரிந்தால் துடைக்காமல் விட்டுவிட்டால் தாமாக உலரும். விருந்தில் அடிக்கும் ஸ்னோ ஸ்ப்ரே உணவுப் பொருள் அல்ல, கேக்கின் மேல் விழக்கூடாது என்பதையும், பொறி சிதறும் மெழுகுவர்த்தியைத் தனிக் கப்கேக்கில் குத்தி ஏற்ற வேண்டும் என்பதையும் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டி, அந்தக் கப்கேக்கையும் உடன் வைத்து அனுப்பிவிடுகிறேன்.