கிளிமூக்கு மாங்காயில் தொடங்குங்கள்: டிஜிட்டல் ஓவியத்தில் முதல் வண்ணம்

டிஜிட்டலில் வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு முகத்தைத்தான் எடுக்கிறார்கள். கண், மூக்கு, முடி என்று இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, வண்ணம் தீட்டும் இடம் வரும்போது கை சோர்ந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். முகம் இப்போது வேண்டாம். ஒரு மாங்காய் வரைவோம், அதுவும் கிளிமூக்கு. ஒரே காயில் பச்சை, மஞ்சள், வெயில் பட்ட பக்கம் லேசான சிவப்பு என்று மூன்று நிறம் இருக்கும், வடிவமும் சுலபம். சீசன் இல்லையென்றால் எலுமிச்சை, கத்தரிக்காய் எது கிடைத்தாலும் சரி. ஆனால் போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள், பொருள் கண் முன்னால் இருக்கட்டும். போன் கேமரா பல நேரம் நிழலைக் கறுப்பாக்கிவிடும், வெளிச்சம் பட்ட இடத்தை வெளுத்துவிடும். நாம் பார்க்கப் பழக வேண்டியதே அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான்.

என்ன வேண்டும்

கணினி இருந்தால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் போதும். அதன் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். போன் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயின்ட் என்ற செயலி, விரலாலேயே வரையலாம். என் அக்கா மகள் விரலால் வரைந்துதான் பழகினாள், ஒன்றும் குறைந்துபோகவில்லை. கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் டேப்லெட் வாங்குவதாக இருந்தால் திரை இல்லாத சின்ன டேப்லெட்டே போதும். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று முதல் சில நாட்கள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

புதிய கேன்வாஸ், அதாவது வரையும் பரப்பு, 2500க்கு 2500 பிக்சல் வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளில் அச்சிடும் எண்ணம் இருந்தால் 2480க்கு 3508, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல். பின்னணியை வெள்ளையாக விடாமல் ஒரு மங்கலான சாம்பல் நிறத்தால் நிரப்பிவிடுங்கள். வெள்ளைத் திரையில் எந்த நிறத்தை வைத்தாலும் அது இருட்டாகத் தெரியும், அதனால் நம்மை அறியாமல் எல்லாவற்றையும் வெளிறிய நிறமாகவே தேர்ந்தெடுப்போம்.

கோடு

பத்து நிமிடம் வெறும் கோடும் வட்டமும் போடுங்கள். மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல், முழங்கையும் தோளும் சேர்ந்து நகர வேண்டும். நீளமான வளைவு அப்போதுதான் நடுங்காமல் வரும். கிரிட்டாவில் பிரஷ் கருவியின் அமைப்பில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, கோட்டை அது சமன் செய்து தரும். கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம், முழுவதும் அதையே நம்பினால் கை பழகாது.

இப்போது மாங்காய். முட்டை வடிவம் போட்டுவிட்டு மூக்கை ஒட்ட வைக்காதீர்கள். ஒரு பக்கம் வயிறு மாதிரி புடைத்து இறங்குகிறது, மறு பக்கம் கீழே போகும்போது லேசாக உள்ளே குழிந்து அப்புறம் மூக்காக வெளியே வருகிறது, அந்தக் குழிவைப் பிடித்துவிட்டால் கிளிமூக்கு வந்துவிடும். காம்பு உட்காரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிரிட்டாவில் எம் விசையை அழுத்தினால் படம் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். எங்கே கோணல் என்று உடனே கண்ணில் படும். நான் இன்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை அழுத்துகிறேன்.

அடிநிறம்

லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. கோடு போட்ட லேயருக்குக் கீழே ஒரு புது லேயர். அதில் மாங்காய் முழுவதையும் ஒரே பச்சையால், ஓட்டை இல்லாமல் நிரப்புங்கள். நிழல், சிவப்பு எதுவும் இப்போது வேண்டாம். இனி தீட்டப்போவதெல்லாம் இந்த வடிவத்தைத் தாண்டி வெளியே வழியக்கூடாது. அதற்குத்தான் கிளிப்பிங். ஐபிஸ் பெயின்ட்டில் மேலே ஒரு லேயர் போட்டு கிளிப்பிங்கைத் தொட்டால் முடிந்தது. கிரிட்டாவில் பலர் தடுக்கி விழும் இடம் இது. அங்கே இன்ஹெரிட் ஆல்ஃபா என்ற அடையாளத்தை அழுத்திய பிறகும் நிறம் வெளியே வழியும், ஏனென்றால் அது கீழே இருக்கும் எல்லா லேயரையும், பின்னணியையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அடிநிற லேயரையும் மேல் லேயரையும் ஒரே குரூப்புக்குள், அதாவது லேயர்களைச் சேர்த்து வைக்கும் ஒரு தொகுப்புக்குள், போட்டுவிடுங்கள். அடிநிற லேயரில் நின்று கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரூப்பும் புது லேயரும் தானாகவே தயாராகிவிடும்.

வெளிச்சமும் நிழலும்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மாங்காயை ஜன்னல் பக்கமாக வையுங்கள், அறையில் மற்ற விளக்கை அணைத்துவிடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். புள்ளிகள், கீறல்கள், பால் வடிந்த கறை எல்லாம் மறைந்து இரண்டே பகுதி மிஞ்சும்: வெளிச்சம் படும் பக்கம், படாத பக்கம். இரண்டும் சந்திக்கும் எல்லையை முதலில் வரைந்துகொண்டு, நிழல் பக்கம் முழுவதையும் ஒரே இருட்டான பச்சையால் நிரப்புங்கள். இந்த இரண்டு நிறத்திலேயே மாங்காய் உருண்டு திரண்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எல்லை தப்பான இடத்தில் இருக்கிறது. மேற்கொண்டு எத்தனை நிறம் போட்டாலும் அது சரியாகாது, அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இனி நிழலின் நிறம். தொடக்கத்தில் நான் பச்சையோடு கறுப்பைச் சேர்த்து, அதையும் மென்மையான ஏர்பிரஷ்ஷால் (விளிம்பு மங்கலாக வரும் பிரஷ்) சுற்றிலும் ஊதிவிடுவேன். காய் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். ஏன் என்று புரிய ஒரு விஷயம் பாருங்கள். நல்ல வெயிலில் கொடியில் காயும் வெள்ளை வேட்டியின் மடிப்புகளைக் கவனியுங்கள். நிழல் விழுந்த மடிப்பு லேசான நீலமாக இருக்கும். சூரியன் எட்டாத அந்த இடத்துக்கு வானம்தான் வெளிச்சம் தருகிறது, வானம் நீலம். நிழல் என்றால் வெளிச்சமே இல்லாத இடம் என்று அர்த்தமில்லை, வேறொரு வெளிச்சம் குறைவாக விழும் இடம். அதனால் நிறமும் நகரும்.

நிறத் தேர்வுப் பெட்டியில் மூன்று எண் இருக்கும்: எச் என்பது நிறம், எஸ் என்பது அடர்த்தி, வி என்பது வெளிச்சம். மாங்காயின் பச்சை 85, 60, 70 என்று வைத்தால், நிழலுக்கு வியை மட்டும் குறைக்காமல் 110, 65, 40 என்று எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சை குளிர்ந்த பச்சையாக மாறியிருக்கும். வெளிச்சம் அதிகம் விழும் மேடுக்கு மறுபக்கமாக, 70 பக்கம் மஞ்சளை நோக்கி நகருங்கள். இந்த எண்கள் என் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரியாக வந்தவை, உங்கள் வீட்டில் கொஞ்சம் மாறும்.

நிழல் பக்கத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லையை ஒட்டித்தான் இருட்டு அதிகம், கீழ் விளிம்புக்குப் போனால் லேசாக வெளிச்சம் திரும்பியிருக்கும். மேசையில் பட்டு மேலே தெறிக்கும் வெளிச்சம் அது. பழுப்பு மேசை என்றால் அங்கே கொஞ்சம் பழுப்பு ஏறும். அளவோடு வையுங்கள், அது ஒருபோதும் வெளிச்சப் பக்கத்தை விடப் பிரகாசமாக இருக்காது. மேசையில் விழும் நிழல், காய் தொடும் இடத்தில் மிக இருட்டாகவும் கூர்மையான விளிம்போடும் இருக்கும், தள்ளிப் போகப் போக மங்கி இளகும். இந்த ஒரு நிழல் இல்லையென்றால் காய் காற்றில் மிதக்கும்.

சிவப்பும் பளபளப்பும்

புது லேயரில், வெயில் பட்டுச் சிவந்த தோள் பக்கம் மட்டும், ஒப்பாசிட்டி குறைத்த, அதாவது கீழே உள்ள நிறமும் தெரியும்படி வைத்த பிரஷ்ஷால் லேசாகத் தீட்டுங்கள். பச்சை மேல் சிவப்பை நேராக வைத்தால் நடுவில் சேறு மாதிரி ஒரு நிறம் வரும், இடையில் மஞ்சளை வைத்து அதன் மேல் சிவப்புக்குப் போங்கள். கடைசியாக அந்தச் சின்ன வெள்ளைப் பளபளப்பு: ஜன்னலின் பிம்பம், ஒரே ஒரு இடம். தூய வெள்ளை வேண்டாம், ஒரு சொட்டு நீலம் கலந்திருக்கட்டும்.

முடிக்கும் முன் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைச் சாம்பலால் நிரப்பி, அது கீழே உள்ள லேயர்களோடு கலக்கும் விதத்தை, அதாவது பிளெண்டிங் மோடை, கலர் என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அப்போதும் காய் உருண்டையாகத் தெரிந்தால் நன்றாக வந்திருக்கிறது. சிவப்பு இடம் திடீரென்று பள்ளமாகத் தெரிந்தால் சிவப்பு அதிகம் இருட்டிவிட்டது, வியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பார்த்ததும் அந்த லேயரை அணைத்துவிடுங்கள்.

கிரிட்டாவில் என்றால் அதன் சொந்தக் கோப்பு வகையான கேஆர்ஏ கோப்பாக ஒன்றைச் சேமியுங்கள், லேயர்கள் அதில்தான் பிரிந்தே இருக்கும். மற்றவர்களுக்குக் காட்ட ஒரு பிஎன்ஜி படக் கோப்பு. நாளைக்கு அதே மாங்காயை அதே ஜன்னலில், ஆனால் சாயங்காலம் நான்கரை மணி வெளிச்சத்தில் வைத்து மறுபடி வரையுங்கள்.