எழுத்துக்கு முன் ஒலி, எண்ணுக்கு முன் பொருள்

குழந்தை சீக்கிரம் எழுதிப் பழக வேண்டும் என்ற ஆவலில் பல பெற்றோர் மூன்று வயதிலேயே பென்சிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வயதில் விரல்களுக்கு அதற்கான பிடிமானம் வந்திருக்காது. மேலும், காதால் பிரித்தறியாத ஒலியின் வடிவம் குழந்தைக்கு வெறும் கோடாகவே தெரியும். எனவே வாசிப்பை ஒலியிலிருந்தும் கணக்கைக் கையில் எடுக்கக்கூடிய பொருள்களிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் சொற்களைக் கைதட்டிப் பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். 'வண்ணத்துப்பூச்சி' என்பதற்கு வண், ணத், துப், பூச், சி என ஐந்து தட்டுகள் வரும். அடுத்து, தமிழ் வாசிப்புக்கு மிக அவசியமான குறில், நெடில் வேறுபாட்டைக் காதுக்குப் பழக்க வேண்டும். கல் - கால், படு - பாடு, குடை - கூடை என இணையாகச் சொல்லி, நீண்டு ஒலிக்கும் சொல்லுக்குக் கையை உயர்த்தச் சொன்னால், பின்னால் துணைக்கால் எதற்காக வருகிறது என்பது விளக்காமலேயே புரிந்துவிடும்.

247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்து முடித்த பிறகுதான் வாசிக்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. ப, ட, ம, க, ல ஆகிய ஐந்து எழுத்துகளோடு புள்ளியையும் அறிமுகப்படுத்தினாலே படம், கல், பல், கடல், பட்டம் ஆகியவற்றைக் குழந்தை தானே படித்துவிடும். எழுத்துகளைக் கூட்டிப் பொருளுள்ள ஒரு சொல்லைத் தானே கண்டடையும் அந்த மகிழ்ச்சிதான் அடுத்த சொல்லை நோக்கி அதை இழுக்கிறது.

அதிகம் தடுமாற வைப்பவை எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைக் குறிகள். 'கொடி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு, பிறகு க, அதன்பின் துணைக்கால். ஆனால் வாயில் வருவதோ 'கொ' என்ற ஒரே ஒலி. இடமிருந்து வலமாகப் படிக்கக் கற்ற குழந்தை இங்கே திகைத்து நிற்பது இயல்பு. இதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பது நியாயமன்று. 'கொ' முழுவதையும் ஒரே அட்டையில் பெரிதாக எழுதி, துண்டு துண்டாகப் பிரிக்காமல், ஒரே எழுத்தாகக் காட்டிப் பழக்குங்கள்.

இவற்றோடு தினமும் கதை வாசித்துக் காட்டுங்கள். வரியின் கீழ் விரலை நகர்த்திக்கொண்டே படியுங்கள், ஆங்காங்கே நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் மறுக்காதீர்கள், பழகிய கதையில்தான் சொற்கள் மனத்தில் பதிகின்றன.

கணக்கில், நூறு வரை ஒப்பிப்பதையும் எண்ணத் தெரிவதையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. ஐந்து பொத்தான்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். குழந்தை "ஐந்து" என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்ற கருத்து இன்னும் உருவாகவில்லை என்று பொருள். அப்போது கூட்டலுக்குத் தாவாமல், "நான்கு கரண்டி எடுத்து வா" என்பது போன்ற சிறு வேலைகளைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அதே பொத்தான்களை இடைவெளி விட்டுப் பரப்பினால், எண்ணிக்கை கூடிவிட்டதாகப் பல குழந்தைகள் ஆறு, ஏழு வயது வரைகூடச் சொல்வதுண்டு. திருத்தாமல், மீண்டும் எண்ணிப் பார்க்க விடுங்கள்.

இருபத்தொன்பதுக்குப் பின் 'இருபத்துப் பத்து' என்று குழந்தை சொன்னால் வருந்த வேண்டாம்; எண்களின் அமைப்பு அதற்குப் பிடிபடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டும் பெரிதும் உதவும். ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காய்க்குப் பகடையில் இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல் "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் பத்து, பதினைந்து நிமிடங்கள் போதும். சலிப்பு தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். எண்களையும் எழுத்துகளையும் இடவலம் மாற்றி எழுதுவது ஏறத்தாழ ஏழு வயது வரை இயல்பானதே. ஆனால் ஒத்த ஒலிகளைத் தொடர்ந்து பிரித்தறியாமல் இருந்தாலோ, புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனாலோ, பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் செவித்திறனையும் பார்வையையும் மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள்.