மருந்தை முறித்தது எது என்று தேடிய கதை

கை அரிப்புக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓமியோபதி மருந்து எடுக்கத் தொடங்கிய மறுநாளே பின்னந்தலையில் விண்விண்ணென்று வலி பிடித்து, செம்பனைக் குலைகளை எடைபோட்டுக் கணக்கெழுதவே முடியாமல் போயிற்று. மருந்தை முறிக்கும் என்று மருத்துவர் விலக்கச் சொன்னவை கோப்பி, கற்பூரம், புதினா, பச்சை வெங்காயம். முதல் இரண்டும் ஓமியோபதியை உருவாக்கிய ஹானிமன் காலத்திலிருந்தே விலக்கப்படுபவை. கற்பூர வாடைதான் காரணம் என எண்ணி, மாத்திரைப் புட்டியைச் சாமி மேடையிலிருந்து துணி அலமாரிக்கு மாற்றினேன். அங்கே அந்துருண்டை இருந்ததால் மறுபடி சமையலறைக்கு மாற்றினேன். பற்பசையை விட்டு உப்பால் பல் துலக்கியும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வரவில்லை. அன்று ஒட்டுக்கடையில் நண்பருடன் இரண்டு கிளாஸ் தே தாரிக் குடித்திருந்தேன். கோப்பியில் உள்ள கஃபீன் தேநீரிலும் உண்டு அல்லவா! என் வலிக்குக் காரணம் கோப்பியை நிறுத்தியதுதான். நாளுக்கு 5 குவளை கோப்பி குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி 9 நாள் வரைகூட நீடிக்கலாம்.

திங்களன்று வலி திரும்பியதும் அரைக் குவளை கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்தேன்; ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. பின்னர் இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து, வலியின்றியே கோப்பியை நிறுத்தினேன். புட்டி மீண்டும் சாமி மேடைக்கே வந்துவிட்டது.