காலையில் மட்டும் மூடிக்கொண்ட கேட்

மூன்று வாரம் உயிரை வாங்கிய தொல்லை, போன திங்களோடு ஒழிந்தது.

டோக்கியோவில் நிஷி-கசாயிலிருந்து ஓதேமாச்சிக்கு தோசாய் லைன் மெட்ரோவில் வேலைக்குப் போகிறேன். கூட்டத்துக்குப் பேர்போன தடம் அது. 2019இல் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் நடுவே நெரிசல், ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம். அந்த நேரத்தில் டிக்கெட் கேட்டில் ஒருவர் நின்றால் பின்னால் வரிசையே முட்டிக்கொள்ளும். நின்றது நான்தான். சுய்கா என்ற ப்ரீபெய்ட் ரயில் கார்டு உள்ளே இருக்கும் பர்ஸை ரீடரில் வைத்ததும் 'டிங்-டாங்', சிவப்பு விளக்கு, முன்னால் தடுப்பு. வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

பணம் குறைவோ என்று கார்டில் 5,000 யென் ஏற்றினேன். பலனில்லை. ஸ்டேஷன் கவுன்டரில் காட்டினேன். கார்டில் கோளாறில்லை என்றார்கள். ஒரு விநாடி அழுத்தி வைத்தும் பார்த்தேன்.

பிறகுதான் உறைத்தது: சாயங்காலம் ஒருநாளும் மூடியதில்லை. காலையில் ஆபீஸ் ஐடி பர்ஸுக்குள் இருக்கும். திரும்பும்போது, கழற்ற மறந்து, கழுத்தில் தொங்கும்! சுய்கா கார்டில் இருக்கும் ஃபெலிகா சிப்தான் (அருகில் வைத்தாலே ரீடர் படிக்கும் சிப்) எங்கள் ஐடியிலும். இரண்டும் ஒட்டியிருந்தால் ரீடர் குழம்புகிறது. காலையில் ஐடியை பர்ஸில் வைக்காமல் மேல்பாக்கெட்டில் போட்ட நாட்களில்தான் தப்பித்திருக்கிறேன்.

100 யென் கடையில் இதற்கென்றே மெல்லிய தடுப்புத் தாள் விற்கிறது. வரியோடு 110 யென். இரண்டு கார்டுக்கும் நடுவே செருகினேன், அவ்வளவுதான். ஆனால் சுய்கா பக்கம் ரீடரைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் பழையபடி டிங்-டாங். அடையாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.