ஜெர்மனியில் குடியேறும் கிறிஸ்தவக் குடும்பம் முதல் ஆண்டில் கவனிக்க வேண்டியவை

வேலை நிமித்தமாக ஜெர்மனிக்குக் குடிபெயரும் நம் குடும்பங்கள் விசா, வீடு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்கின்றன. சபை வாழ்க்கையை மட்டும், அங்கே தெருவுக்குத் தெரு ஆலயம் இருக்கிறது, போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. இப்படி விட்ட குடும்பங்கள் ஓராண்டுக்குள் ஆராதனைக்குப் போகும் வழக்கத்தையே இழந்துவிடுவது உண்டு. அதனால் இதையும் ஊரிலேயே திட்டமிடுவது அவசியம்.

புறப்படுமுன் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழை ஆங்கிலத்தில், ஆயரின் அல்லது பங்குத்தந்தையின் கையொப்பமும் முத்திரையும் இட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் புதுநன்மைக்கும் திடப்படுத்தலுக்கும், நண்பரின் குழந்தைக்கு நீங்கள் ஞானப்பெற்றோராக நிற்பதற்கும் இதைக் கேட்பார்கள். நம்மில் பலருக்கு ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறொரு பெயரும் இருக்கும். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதைச் சான்றிதழிலேயே எழுதி வாங்கிவிட்டால் பின்னாளில் அலைச்சல் இல்லை. ஆலயத்தில் தந்த திருமணச் சான்றிதழோடு பதிவுத்துறையின் சான்றிதழும் கையில் இருப்பது நல்லது.

வீட்டுக்குக் குடிவந்த 2 வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ‘அன்மெல்டுங்’ எனப்படும் இந்தப் பதிவின்போது உங்கள் சமயத்தையும் கேட்பார்கள். நீங்கள் சொல்லும் பதில் வரித்துறைக்குப் போய், ‘கிர்ஹென்ஷ்டொயர்’ என்ற சபை வரியாக மாதச் சம்பளத்தில் பிடித்தம் ஆகும் என்பதைப் பலர் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகே அறிகிறார்கள். பவேரியா, பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலங்களில் வருமான வரியில் 8 விழுக்காடும் மற்ற மாநிலங்களில் 9 விழுக்காடும் இந்த வரி. சம்பளத்தின் மீது அல்ல, நீங்கள் கட்டும் வருமான வரியின் மீதே இது கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 6,000 யூரோ வருமான வரி கட்டுபவருக்கு 9 விழுக்காட்டில் 540 யூரோ, அதாவது மாதம் 45 யூரோ ஆகும். ஆண்டு வரிக் கணக்கில் இதைக் கழிவாகக் காட்டிக்கொள்ளலாம்.

கத்தோலிக்கருக்கு இதில் பெரிய தெரிவு இல்லை. உலகில் எங்கே திருமுழுக்குப் பெற்றிருந்தாலும் அவரை அங்குள்ள திருச்சபை தன் உறுப்பினராகவே கொள்கிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலிருந்து வருபவர்கள் ‘எவாங்கெலிஷ்’ என்று பதிந்தால் அந்நாட்டுப் புரொட்டஸ்தாந்து சபையின் உறுப்பினராகிறார்கள். பெந்தெகொஸ்தே சபையினர் ‘இவாஞ்சலிக்கல்’ என்ற ஆங்கிலச் சொல்லை நினைத்துக்கொண்டு அதே பெயரைப் பதிந்துவிடக் கூடாது. அவர்களுடைய சபைகள் பெரும்பாலும் ‘ஃப்ரைகிர்ஹே’ என்ற சுயாதீன சபைகளின் வகையைச் சேர்ந்தவை, காணிக்கையால் நடப்பவை. பதிந்த பிறகு விலக வேண்டுமானால் மாநிலத்தைப் பொறுத்து நீதிமன்றத்திலோ குடிமைப் பதிவு அலுவலகத்திலோ நேரில் அறிவிக்க வேண்டும். அப்படி விலகிய கத்தோலிக்கர் திருவருட்சாதனங்களைப் பெற இயலாது என்று ஜெர்மன் ஆயர்கள் 2012-இல் ஆணையிட்டிருக்கிறார்கள். என் கருத்தில், கணவனும் மனைவியும் இதை ஊரிலேயே பேசி முடிவு செய்து, உண்மையைப் பதிய வேண்டும். அந்தப் பணத்தில்தான் குருமார் ஊதியமும் ஆலயப் பராமரிப்பும் நடக்கின்றன; ஊரில் நாம் செலுத்திய சங்கக் காணிக்கையைப் போல இதையும் மனமுவந்து கொடுக்கலாம்.

ஆலயத்துக்குப் போனதும் பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. 500 பேர் அமரக்கூடிய கோயிலில் 30 முதியவர்கள் இருப்பார்கள். ஆர்கன் இசையும் அமைதியான பாடல்களுமாக ஒரு மணி நேரத்தில் ஆராதனை முடிந்துவிடும். யாரும் தாமாக வந்து கைகுலுக்க மாட்டார்கள். அத்துடன் வீடு திரும்பிவிடாதீர்கள். பல ஆலயங்களில் ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் காப்பியும் கேக்கும் வைப்பார்கள். அங்கே ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு நின்று, பெயரையும் வந்த ஊரையும் சொன்னால் போதும்; நாலைந்து வாரம் தவறாமல் நின்றால், மழலையர் பள்ளியில் இடம் எங்கே கிடைக்கும், நல்ல மருத்துவர் யார் என்பது வரை அந்த முதியவர்களே சொல்லித்தருவார்கள்.

தமிழ் ஐக்கியங்கள் பெருநகரங்களில் உண்டு. அவை மாதம் ஒன்றிரண்டு முறை, இரவல் வாங்கிய ஆலயத்தில் கூடுகின்றன. தமிழில் ஜெபித்து அழ ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் அங்கே மட்டும் போகும் குடும்பத்தின் பிள்ளைகள், வாரம் முழுவதும் தாங்கள் பேசும் மொழியில் தங்கள் விசுவாசத்தைச் சொல்லத் தெரியாமல் வளர்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் போங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 1921-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 14 வயது நிறைந்த பிள்ளை தன் சமயத்தைத் தானே தீர்மானிக்கலாம். 12 வயதுக்குப் பின் அதன் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோர் சமயத்தை மாற்ற முடியாது. புரொட்டஸ்தாந்து சபையில் திடப்படுத்தல் பெரும்பாலும் அந்த 14 வயதை ஒட்டியே நடக்கிறது. அதற்கு முன் ஓராண்டு அல்லது அதற்கும் மேலாக வகுப்பு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளியிலேயே சமயப் பாடமும் இருக்கிறது. ஆகவே அதட்டி ஆலயத்துக்கு அழைத்துப்போகும் முறை அங்கே நெடுநாள் செல்லாது. கேள்விக்குப் பதில் சொல்லும் பெற்றோராக நாம் ஆயத்தப்பட வேண்டும். இரவு ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தையும் ஜெர்மன் வேதாகமத்தையும் மாற்றி மாற்றி வாசிக்கும் வீடுகளில் இரண்டு மொழியும் நிலைப்பதைக் கண்டிருக்கிறேன்.

பண்டிகைகளின் நேரமும் மாறும். கிறிஸ்துமஸின் முக்கிய ஆராதனை டிசம்பர் 24 மாலையிலேயே நடந்துவிடுகிறது. 25 காலையில் பட்டுப்புடவையும் புதுச்சட்டையுமாகப் போனால் ஆலயம் ஏறக்குறைய காலியாக இருக்கும். 24 பிற்பகலில் சிறுவர் நடத்தும் பிறப்பு நாடகத்தில் பிள்ளைகளைச் சேர்க்க நவம்பரிலேயே பெயர் கொடுங்கள். டிசம்பர் 31 ஆராதனையும் பெரும்பாலும் மாலையில்தான். நள்ளிரவு ஆராதனைக்குத் தமிழ் ஐக்கியத்தையே நாட வேண்டும். புத்தாண்டு வாக்குத்தத்தம் எடுக்கும் நம் வழக்கத்துக்கு அங்கே நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் சீட்டுப் போட்டு ஒவ்வொரு நாளுக்கும் வசனம் எடுத்து, 1731 முதல் சிறு புத்தகமாக வெளியிட்டு வருகிறார்கள். புத்தகக் கடைகளில் எளிதில் கிடைக்கும். முதல் ஆண்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் ஹால்லே நகருக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவோடு தொடர்புடைய ஃபிராங்கே அறநிறுவனம் அங்கே தமிழ் ஓலைச்சுவடிகளைக் காத்துவருகிறது. கத்தோலிக்கர் ஆகஸ்டில் கேவெலார் மாதா திருத்தலத்துக்குப் போகலாம். ஈழத்தமிழர் ஆண்டுதோறும் அங்கே பெருந்திரளாகக் கூடுகிறார்கள்.

வீட்டுக் கூட்டம் வைக்கும்போது அண்டை வீட்டாரை நினைவில் கொள்ளுங்கள். ஞாயிறு முழுவதும், மற்ற நாட்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும் அமைதி காக்க வேண்டும். மத்தளமும் கைத்தாளமும் வேண்டுமென்றால் ஆலய அலுவலகத்தில் கேட்டு ஒரு கூடத்தை வாங்கிக்கொள்ளலாம். வீட்டில்தான் என்றால், பாடல்களை மெல்லிய குரலில் பாடி 9 மணிக்குள் முடித்து, கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் இரண்டு நாள் முன்னதாகவே மாடிப்படி அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.